ஒக்கொட் பி'பிட்டெக்

ஒக்கொட் பி'பிட்டெக் (1931 - ஜூலை 1982) உகாண்டா நாட்டைச் சேர்ந்த கவிஞரும் மானிடவியலாளரும் ஆவார். இவர் அச்சோலி மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். 1966ஆம் ஆண்டில் வெளிவந்த லவினோவின் பாடல் என்னும் நெடுங்கவிதை இவரது முதன்மைப் படைப்பாகும். கிழக்கு ஆப்பிரிக்கப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆங்கில இலக்கியப் பாடநூலாகப் பல தலைமுறை மாணவர்கள் இதைப் படித்துள்ளனர். பள்ளிப் படிப்பையும் ஏட்டுக் கல்வியையும் கடுமையாகக் கேலி செய்யும் ஒரு நூல் தேர்வுக்குரிய நூலாக ஆனது இலக்கிய வரலாற்றில் காணப்படும் வேடிக்கைகளுள் ஒன்று.

இவரது பெயரிலுள்ள பி' என்பது "உடைய" என்னும் பொருள் தரும் பா என்ற அச்சோலிச் சொல்லின் குறுக்கம். லவினோவின் பாடலின் அச்சோலித் தலைப்பான வேர் பா லவினோ என்பதிலும் அதே சொல் வருகின்றது. வேர் என்றால் பாட்டு.

இளமையும் கல்வியும்

உகாண்டாவின் வடபகுதியிலுள்ள குலு நகரில் ஒக்கொட் பிறந்தார். அச்சோலி மக்கள் வட உகாண்டாவிலும் இன்றைய தென் சூடானின் தென்பகுதியிலும் வாழ்பவர்கள். இவர்களது மொழி லுவோ மொழிக் குழுவைச் சேர்ந்தது. தந்தையார் பள்ளி ஆசிரியர். கதை சொல்வதில் வல்லவர். தாயார் பாடகியாகவும் பாடல் கட்டுபவராகவும் தம் குலத்தின் நடனங்களை முன்னின்று நடத்துபவராகவும் பெயர் பெற்றிருந்தார். பெற்றோர் இருவரும் சீர்திருத்தக் கிறித்தவர்கள். ஆகவே பகலில் பள்ளியும் வழிபாடும், இரவில் கதையும் பாட்டும் ஆட்டமும் என இருவேறு கல்விகள் இவருக்கு ஒரே வீட்டில் கிடைத்தன.

குலு உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் கம்பாலாவுக்கு அண்மையிலுள்ள புடோ கிங்ஸ் கல்லூரியிலும் பயின்றார். அமெரிக்கக் கவிஞரான லாங்ஃபெலோவின் ஹயவத்தா கதைப் பாடலும், விவிலியத்தில் உள்ள சாலமோனின் பாடலும் மாணவப் பருவத்தில் இவரைக் கவர்ந்த நூல்களாகும். இவர் பிற்காலத்தில் எழுதிய நூல்கள் பலவும் "பாடல்" என்றே பெயர் பெற்றமைக்கு அச்சோலி மரபோடு இவ்வாசிப்பும் ஒரு காரணம் எனலாம். ம்பராராவில் ஆசிரியர் பயிற்சி பெற்றபின் குலுவுக்கு அருகிலுள்ள ஒரு பள்ளியில் ஆங்கிலமும் சமயபாடமும் கற்பித்தார். பாடகர் குழுவையும் நடத்தினார்.

1953ஆம் ஆண்டில் இவரது முதல் நூலாகிய லக் தார் என்னும் புதினம் அச்சோலி மொழியில் வெளியானது. பல் வெண்மையாக இருந்தால் சிரித்துவிட்டுப் போ என்னும் கருத்துடைய ஒரு முதுமொழியே அதன் தலைப்பு. ஏழை இளைஞன் ஒருவன் காதலித்த பெண்ணுக்குப் பரிசம் கொடுக்கப் பணமின்றித் தெற்கே சென்று, கம்பாலாவிலும் ஜிஞ்சாப் பகுதிக் கரும்புத் தோட்டத்திலும் உழைத்துச் சேர்த்ததை, ஊர் திரும்பும் வழியில் களவுகொடுக்கின்றான். இக்கதை ஆங்கிலத்தில் வெளிவர 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிரித்தானியாவில்

ஒக்கொட் சிறந்த காற்பந்தாட்ட வீரர். 1950களின் பிற்பகுதியில் உகாண்டா தேசிய அணியோடு பிரித்தானியாவுக்குச் சென்ற இவர், அணி நாடு திரும்பியபின் அங்கேயே தங்கிப் படித்தார். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கல்வியியலையும், வேல்சிலுள்ள அபெரிஸ்ட்வித்தில் சட்டத்தையும், ஆக்சுபோர்டில் சமூக மானிடவியலையும் பயின்றார். அச்சோலி, லாங்கோ மக்களின் வாய்மொழி மரபுகளைப் பற்றிய இவரது ஆய்வேடு 1963ஆம் ஆண்டுக்குரியது. கிறித்தவ நம்பிக்கையிலிருந்து இவர் விலகியதும் பிரித்தானிய வாழ்க்கையின்போதே.

ஆக்சுபோர்டு இவருக்குக் கசப்பான இடமாகவும் இருந்தது. மானிடவியல் நிறுவனத்தின் முதல் விரிவுரையிலேயே ஆப்பிரிக்கரைக் காட்டுமிராண்டிகள் என்றும் நாகரிகமற்ற குலத்தவர் என்றும் குறிக்கும் சொற்கள் மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்டதையும், தாம் மறுப்புத் தெரிவித்தும் பயனில்லாது போனதையும் பின்னாளில் ஒரு நூலின் முன்னுரையில் பதிவு செய்துள்ளார். ஒரு சொல்லை யார், யாருக்காக, எந்த மொழியிலிருந்து எடுத்து வழங்குகின்றனர் என்னும் கேள்வி அதன்பின் இவரது எழுத்துகள் அனைத்திலும் தொடர்கின்றது.

லவினோவின் பாடல்

1965ஆம் ஆண்டில் தபான் லோ லியோங் என்னும் எழுத்தாளர் கிழக்கு ஆப்பிரிக்காவின் இலக்கிய வறட்சியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது பெரும் விவாதத்தை எழுப்பியது. மறு ஆண்டே நைரோபியிலுள்ள கிழக்கு ஆப்பிரிக்கப் பதிப்பகம் லவினோவின் பாடலை வெளியிட்டது. அச்சோலி மூலத்தின் முந்தைய வடிவம் ஒன்றை ஒக்கொட் 1950களிலேயே எழுதியிருந்ததாகக் கூறப்படுகின்றது. ஆனால் ஆங்கில வடிவமே முதலில் அச்சேறியது. மூலம் 1969இல்தான் வெளிவந்தது.

கவிதை முழுவதும் ஒரே பெண்ணின் குரலில் அமைந்தது. லவினோ எழுத்தறியாத அச்சோலிப் பெண். இளமையில் ஆட்டக் களத்தின் தலைவியாக விளங்கியவள். அவள் கணவன் ஒச்சோல் பல்கலைக்கழகத்தில் படித்தவன். இப்போது அவன் கிளெமென்டைன் என்னும் நவநாகரிகப் பெண்ணை விரும்பி, லவினோவையும் அவளது உறவினரையும் அறிவில்லாதவர்கள் என்று இழிவுபடுத்துகின்றான். இதுவே அவளது வழக்கு. ஆடவன் இரண்டாவது பெண்ணைக் கொள்வதை அவள் எதிர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது அவளது சமூகத்தில் வழக்கமே. தன்னையும் தன் மக்களையும் அவன் இகழ்வதே அவளுக்குப் பொறுக்கவில்லை.

பதின்மூன்று பகுதிகளில் லவினோ வாழ்க்கையின் ஒவ்வொரு துறையாக எடுத்துக்கொள்கிறாள். உதட்டுச்சாயம், தலைமுடி, இணையாட்டம், அடுப்பும் உணவும், கடிகாரம், கிறித்தவப் பெயர்கள், மருத்துவம், கட்சி அரசியல் என்று வழக்கு நீள்கின்றது. அரசியல் பகுதி இன்றும் கூர்மை குறையாதது. ஒச்சோல் ஒரு கட்சியிலும் அவன் உடன்பிறந்தான் மற்றொரு கட்சியிலும் இருக்கின்றனர். இருவரும் விடுதலைக்கும் ஒற்றுமைக்குமே பாடுபடுவதாகச் சொல்கின்றனர். அப்படியானால் ஒரே தாயின் பிள்ளைகள் ஏன் பேசிக்கொள்வதில்லை என்று அவள் கேட்கிறாள். உகாண்டா 1962இல் விடுதலை பெற்று நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது.

அடுத்து, புத்தகங்கள் நிறைந்த கணவனின் அறைக்கு வருகிறாள். அச்சோலி இளைஞர்களின் ஆண்மையையும் துணிவையும் வகுப்பறைகள் அழித்துவிட்டன என்று புலம்புகிறாள். முடிவில் கோபம் தணிந்து, ஒச்சோல் உடல்நலமும் குரலும் திரும்பப் பெற்று முன்னோரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும், தன்னை ஒருமுறை அவன்முன் பாடி ஆட விட வேண்டும் என்றும் வேண்டுகிறாள்.

கூனன் என்னும் சொல்

இக்கவிதையைப் படிக்கும் மாணவர்கள் திகைக்கும் இடங்களுள் ஒன்று, கிறித்தவக் கடவுளை லவினோ கூனன் என்று குறிப்பிடுவதாகும். இது உருவகமா, பழிப்பா, அங்கதமா என்று தேர்வுக்குத் தயார் செய்வோர் குழம்புவதுண்டு. இதற்கான விடை ஒக்கொட்டின் ஆய்வு நூலில் உள்ளது.

1911இல் இத்தாலியக் கத்தோலிக்கக் குருமார்கள் அச்சோலி முதியவர்கள் சிலரிடம் அவர்களைப் படைத்தவர் யார் என்று கேட்டதாக ஒக்கொட் எழுதுகிறார். இல்லாமையிலிருந்து படைத்தல் என்னும் கருத்துக்கு லுவோ மொழியில் சொல் இல்லை. எனவே கேள்வி, மண்ணைப் பிசைந்து உருவாக்குவது போல உங்களை உருவாக்கியவர் யார் என்று மாறியது. மனிதர் தாய் வயிற்றில் பிறப்பவர் என்று முதியவர்கள் விடையளித்தனர். குருமார்கள் விடாது வற்புறுத்தவே, முதியவர் ஒருவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. முதுகெலும்பு வளைந்து கூன் விழுந்தவர்களை அவ்வாறு பிசைந்து வளைப்பது ருபங்கா என்னும் தீய ஆவி என்பது அவர்களது நம்பிக்கை. முதுகெலும்பில் காசநோய் பற்றுவதால் வரும் கூன் அது. முதியவர் அப்பெயரைச் சொன்னார். குருமார்களும் அதையே கடவுளின் பெயராக எழுதிக்கொண்டனர். அன்று முதல் மறைக்கல்வியிலும் மன்றாட்டுகளிலும் ருபங்கா உலகைப் படைத்தவர் ஆனார்.

ஒக்கொட் தமது கவிதையை ஆங்கிலத்தில் தந்தபோது ருபங்கா என்பதற்குக் கடவுள் என்று எழுதவில்லை. அச்சொல் அச்சோலிச் செவியில் எப்படி ஒலிக்குமோ அப்படியே கூனன் என்று எழுதினார். தூய ஆவி என்பதும் இதே முறையில் சுத்தமான பேய் என்றாகின்றது. லவினோ யாரையும் பழிக்கவில்லை. மறைக்கல்வி வகுப்பில் தன் காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்கிறாள். தவறான ஒரு மொழிபெயர்ப்பை மீண்டும் மொழிபெயர்த்துக் காட்டுவதன் மூலம் பிறக்கும் அங்கதம் இது. பேசுபவள் அறியாமல் பேசுவதும் ஆசிரியர் அறிந்தே எழுதுவதும் ஆகிய இரண்டும் ஒரே சொல்லில் நிற்கின்றன. ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இடத்திற்கு அணியின் பெயர் எழுதுவது எளிது. பொருள் சொல்வது அரிது.

பூசணியும் பிற அணிகளும்

பழைய குடியிருப்பிலுள்ள பூசணியைப் பிடுங்கக்கூடாது என்னும் கருத்துடைய அச்சோலிப் பழமொழி கவிதையில் பல்லவி போலத் திரும்பத் திரும்ப வருகின்றது. இதனை மரபின் குறியீடு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். அது பாதி உண்மையே. அச்சோலி நாட்டில் பூசணி தானாகவே பரவி வளரும். அது விரும்பி உண்ணப்படும் உணவு. ஒரு குடும்பம் புதிய இடத்தில் குடியேறினாலும் பழைய மனையிலுள்ள பூசணியை அழிக்க எந்தக் காரணமும் இல்லை. புது வீடு கட்டாதே என்று பழமொழி சொல்லவில்லை. போகிற போக்கில் பயனுள்ளதை வீணாக அழிக்காதே என்பதே அதன் பொருள். கவிதையை விரிவாக ஆராய்ந்த ஜி. ஏ. ஹெரோன் இதை எடுத்துக்காட்டியுள்ளார். வெள்ளையர் தம் வழக்கங்களைத் தாம் பின்பற்றுவதில் லவினோவுக்கு மறுப்பு இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், பழமைக்குக் கொடிபிடிக்கும் நூல் என்று இதைச் சுருக்குவது பொருந்தாது என்பது விளங்கும்.

பகுதிகள் பலவும் விளியில் தொடங்குகின்றன. லவினோ சில இடங்களில் கணவனை அழைக்கிறாள். சில இடங்களில் குலத்தாரை அழைத்து முறையிடுகிறாள். ஆங்கிலக் கவிதையியலில் இது நாடகத் தனிமொழி என வகைப்படுத்தப்படும். ஆயினும் அச்சோலிப் பாடலில் கேட்போர் எதிரிலேயே இருப்பர்; பாடுபவர் பெயர் சொல்லி அழைத்து ஏசுவதும் புகழ்வதும் இயல்பு. ஊரில் தவறு செய்தவரைப் பாட்டில் வைத்துச் சிரிக்கவைப்பது அங்கே தண்டனைக்கு நிகரானது. லவினோ கிளெமென்டைனை ஏசும் பகுதி இம்மரபில் வந்ததே.

உவமைகள் அனைத்தும் லவினோ கண்டறிந்த உலகிலிருந்தே எடுக்கப்பட்டவை. நோய், விலங்கு, பறவை, சமையல், வேட்டை ஆகியவற்றுக்கு வெளியே அவள் செல்வதில்லை. சாயம் பூசிய உதட்டை இரத்தம் தோய்ந்த காட்டுப்பூனையின் வாயோடு ஒப்பிடுவது மிகைக்கூற்று. ஆனால் அம்மிகையில் அவளது பொறாமையும் வெளிப்படுகின்றது. தனக்குச் சற்றுப் பொறாமை உண்டு என்பதை அவளே ஒப்புக்கொள்கிறாள். எனவே அவள் சொல்வதையெல்லாம் ஆசிரியரின் கூற்றாகக் கொள்வது பிழையாகும். கூற்று யாருடையது, கேட்பவர் யார், சொல்பவரின் மனநிலை என்ன என்று முதலில் அறிந்து, அதன்பின் அணியைப் பெயரிடுவதே இந்நூலுக்குப் பொருந்தும் முறை.

ஒலியைப் பொறுத்தவரை ஆங்கில வடிவம் குறையுடையது. மூலத்தில் எதுகையும் ஒழுங்கான சந்தமும் உண்டு. ஆங்கிலத்தில் அவை இல்லை; சிறு சிறு அடிகளாலான கட்டற்ற நடையே உள்ளது. மொழிபெயர்ப்பில் தாம் சந்தத்தைக் கொன்றுவிட்டதாக ஒக்கொட்டே நூலின் முகப்பில் ஒப்புக்கொண்டுள்ளார்.

பதவி நீக்கமும் வெளிநாட்டு வாழ்வும்

இங்கிலாந்திலிருந்து திரும்பிய ஒக்கொட் மக்கரேரே பல்கலைக்கழகத்தின் புறநிலைக் கல்வித் துறையில் குலுவில் பணியாற்றி, அங்கே ஒரு கலை விழாவை உருவாக்கினார். 1966இல் கம்பாலாவிலுள்ள உகாண்டா தேசியப் பண்பாட்டு மையத்தின் இயக்குநரானார். அதுவரை பெரும்பாலும் ஐரோப்பிய நாடகங்களே நடைபெற்ற அரங்கிற்குள் நாட்டுப்புற ஆட்டங்களையும் இசையையும் கொண்டுவந்தார். அரசை விமர்சித்துப் பேசியதைத் தொடர்ந்து, சாம்பியாவுக்குச் சென்று திரும்பும் வழியில் இருந்தபோது பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதன்பின் கென்யாவுக்குச் சென்றார். 1968இல் கிசுமு நகரில் மற்றொரு கலை விழாவை நடத்தினார். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர் திட்டத்தில் சிறிது காலம் இருந்தார். 1971 ஜனவரியில் இடி அமீன் ஆட்சியைக் கைப்பற்றியபின் நாடு திரும்புவது இயலாததாயிற்று. நைரோபிப் பல்கலைக்கழகத்தில் 1970களின் பெரும்பகுதியும், பின்னர் நைஜீரியாவின் இஃபே பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார்.

இக்காலமே இவர் அதிகம் எழுதிய காலம். 1970இல் ஒச்சோலின் பாடல் வெளிவந்தது. லவினோவுக்குக் கணவன் அளிக்கும் மறுமொழியாக அமைந்தாலும், அவன் அவளது கேள்விகளுக்கு விடை சொல்வதில்லை. கறுப்பாய்ப் பிறந்ததையே வெறுத்து, ஆப்பிரிக்காவை இடித்துத் தரைமட்டமாக்கப் போவதாகச் சூளுரைக்கிறான். 1971இல் வெளிவந்த இரு பாடல்கள் என்னும் நூலில் கைதியின் பாடலும் மலாயாவின் பாடலும் உள்ளன. மலாயா என்பது இங்கே நாட்டின் பெயரன்று. சுவாகிலி மொழியில் விலைமகளைக் குறிக்கும் சொல். கைதியின் பாடலை, கென்ய அமைச்சர் டொம் ம்போயா 1969இல் கொலையுண்ட நிகழ்ச்சியோடு தொடர்புபடுத்துவர். இந்நூலுக்கு 1972ஆம் ஆண்டின் ஜோமோ கென்யாட்டா பரிசு கிடைத்தது.

ருபங்கா கதை இடம்பெறும் மேலைப் புலமையில் ஆப்பிரிக்கச் சமயங்கள் என்னும் ஆய்வு நூலும், மத்திய லுவோ மக்களின் சமயம் என்னும் நூலும் இதே ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஆப்பிரிக்கத் தெய்வங்களுக்குக் கிரேக்க மெய்யியலிலிருந்து உடை தைத்து அணிவிக்கின்றனர் என்று, மறைப்பணியாளர்களோடு ஆப்பிரிக்க அறிஞர்களையும் அவர் சாடினார். 1974இல் வெளியான என் காதலின் கொம்பு, அச்சோலிப் பாடல்களை மூலத்தோடும் ஆங்கிலத்தோடும் தரும் தொகுப்பாகும். அச்சோலி இளைஞர் ஒவ்வொருவருக்கும் தனித்த இசையுடைய ஊதுகொம்பு உண்டு. தலைப்பு அதைக் குறிக்கின்றது. லவினோவின் பாடலைப் படிப்போர் இத்தொகுப்பையும் அருகில் வைத்துக்கொண்டால், கவிதையின் ஏச்சும் புலம்பலும் எந்த மண்ணிலிருந்து முளைத்தவை என்பது தெளிவாகும். 1978இல் முயலும் இருவாய்க்குருவியும் என்னும் நாட்டார் கதைத் தொகுப்பு வந்தது.

விமர்சனங்கள்

ஒச்சோலை எளிதில் வீழ்த்தக்கூடிய பொம்மையாக ஆசிரியர் படைத்துவிட்டார் என்பது அடிக்கடி கூறப்படும் குறை. ஒச்சோலின் பாடல் இக்குறையைப் போக்கவில்லை. மேலும் வலுப்படுத்தியது என்றே சொல்ல வேண்டும். ஒக்கொட்டின் கட்டுரைத் தொகுப்பு ஒன்றுக்கு 1973இல் முன்னுரை எழுதிய ங்கூகி வா தியோங்கோ, பண்பாட்டு அடிமைத்தனத்தைப் பொருளாதார, அரசியல் வேர்களிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது என்று வலியுறுத்தினார். ஆங்கில வடிவம் மூலத்தின் ஆழத்தை இழந்து மேலோட்டமாகிவிட்டது என்பது தபான் லோ லியோங்கின் நெடுநாள் குற்றச்சாட்டு. அவர் அச்சோலி மூலத்தைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்த்து, லவினோவின் வாதம் என்னும் பெயரில் 2001இல் வெளியிட்டார்.

இறுதிக்காலம்

இடி அமீன் ஆட்சி 1979இல் வீழ்ந்தபின் ஒக்கொட் உகாண்டாவுக்குத் திரும்பினார். 1982இல் மக்கரேரே பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்துத் துறையின் முதற் பேராசிரியரானார். அப்பதவியில் சில மாதங்களே இருந்த நிலையில், அவ்வாண்டு ஜூலை மாதம் கம்பாலாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 51. அச்சோலிப் பழமொழிகளின் தொகுப்பு 1985இலும், கலைஞனே ஆட்சியாளன் என்னும் கருத்தை முன்வைக்கும் கட்டுரைத் தொகுப்பு 1986இலும் வெளிவந்தன. இவரது மகள்களுள் ஒருவரான ஜூலியான் ஒக்கொட் பிட்டெக்கும் கவிஞரே. ருவாண்டா இனப்படுகொலையை நினைவுகூரும் நூறு நாள்கள் என்னும் அவரது கவிதை நூல் 2016இல் வெளியானது.